தரையில் குடம் இல்லை

2003 ஆகஸ்ட் 14, பிற்பகல் 2 மணி 32 நிமிடம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்து நிறுவனமான ஏ.இ.பி.யிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. இரு நிறுவனங்களையும் இணைக்கும் ஸ்டார் - சவுத் கேன்டன் 345 கிலோவோல்ட் பாதை ஐந்து நிமிடம் முன்பு துண்டாகி மறுபடி இணைந்ததாக எங்கள் பக்கம் தெரிகிறது, உங்களுக்கும் அப்படித்தானா என்று கேட்டார்கள். எங்களுக்கு அலாரம் எதுவும் வரவில்லை, பதிவும் இல்லை என்று பதில் போனது. அதில் பொய் எதுவும் இல்லை, அலாரம் வரவில்லைதான். ஆனால் 2.14 மணிக்கே அலாரம் மென்பொருள் உறைந்து போயிருந்தது. 2.41க்கு அது ஓடிய சர்வர் விழுந்தது. மாற்று சர்வர் பொறுப்பேற்றது, 2.54க்கு அதுவும் விழுந்தது. சர்வர் விழுந்த செய்தி கணினிப் பிரிவு ஊழியர்களுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் மறுதொடக்கம் செய்து 3.08க்கு வேலை முடிந்ததாக நினைத்தார்கள். அலாரம் வருகிறதா என்று கட்டுப்பாட்டு அறையைக் கேட்கவில்லை. மின்பாதைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தபோது, திரைக்கு முன் இருந்தவர்களுக்கு அது ஒரு சாதாரண வெயில்கால மதியம். மாலை 4.13 மணிக்குள் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள்.

தொலைபேசியில் சொன்ன அந்தப் பதிலுக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே நடக்கவில்லை. சர்வர்களைக் கண்காணிப்பவர்கள் இரவும் பகலும் இந்தத் தர்க்கத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள். வேறு வழியும் இல்லை. ஆயிரம் இயந்திரங்களின் மின்விசிறி, மின்னழுத்தம், வெப்பம், டிஸ்க் எல்லாவற்றையும் எந்த மனிதனாலும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்க்க முடியாது. எது கெட்டதோ அது கூப்பிடட்டும், கூப்பிடாதது நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். இந்த இரண்டாவது பாதிக்கு நமக்கு என்ன உரிமை என்பதுதான் கேள்வி. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கேள்வியை, அறிவு எந்த வழிகளில் கிடைக்கிறது என்று ஆராய்ந்த அளவை நூலார் கையில் எடுத்துச் சண்டை போட்டுவிட்டார்கள். அந்தச் சண்டையின் தீர்ப்பு சர்வர் அறைக்கு அப்படியே பொருந்துகிறது என்பது என் வாதம்.

தரையைப் பார்க்கிறேன், குடம் இல்லை என்று தெரிந்துகொள்கிறேன். 'இல்லை' என்பதை எதனால் அறிந்தேன்? கண்ணால் என்றால், இல்லாத ஒன்றின் மேல் கண் எப்படிப் படும்? கி.பி. ஏழாம் நூற்றாண்டில் மீமாம்சகரான குமாரிலர், இது காட்சியும் அல்ல, அனுமானமும் அல்ல, காணாமை என்பதே தனி அளவை என்றார். அதற்குப் பெயர் அனுபலப்தி. அதே மீமாம்சையில் இன்னொரு வழி வகுத்த பிரபாகரர், இன்மை என்று தனியாக ஒரு பொருளே கிடையாது, இருப்பது வெறும் தரை மட்டும்தான் என்று கடையையே மூடினார். நியாய மரபினர் இன்மையையும் கண்ணால்தான் காண்கிறோம் என்றார்கள். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்துக்குள் அடக்கினார். தமிழுக்கும் இது அந்நியமான வழக்கு அல்ல. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி தன் கணக்கைச் சொல்லும்போது, இன்மையைக் குறிக்கும் அபாவமும் அதில் ஒன்றாக வருகிறது. வியாசர், கிருதகோடி, சைமினி மூவருக்கும் அளவைகளின் எண்ணிக்கை பத்து, எட்டு, ஆறு என்று வேறுபடுவதையும் அவன் சொல்கிறான். சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அருணந்தி சிவாசாரியாரும் அபாவத்தைப் பட்டியலில் எடுத்துக்கொண்டு, கடைசியில் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்குகிறார்.

எண்ணிக்கைச் சண்டையை விட்டுவிடலாம். எனக்கு அதில் அக்கறை குறைவு. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட இவர்களில் குமாரிலர் மரபும் நியாயமும் பௌத்தமும் ஒரு நிபந்தனையில் மட்டும் ஒன்றுபடுகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. காணாமையெல்லாம் இன்மையை அறிவிக்காது. இருந்திருந்தால் கண்டே தீர வேண்டிய நிலையில் இருந்தும் காணவில்லை என்றால் மட்டுமே இல்லை என்று சொல்லலாம். வெளிச்சம் இருக்க வேண்டும், கண் பழுதில்லாமல் இருக்க வேண்டும், மனம் அங்கே இருக்க வேண்டும். குடத்தைத் தவிர மற்ற எல்லாம் கூடியிருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தர்மகீர்த்தி மரபு பிசாசை உதாரணம் காட்டும். பிசாசு இயல்பிலேயே கண்ணுக்குப் படாதது என்றால், கண்ணில் படவில்லை என்பதை வைத்து இங்கே பிசாசு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சந்தேகம்தான் மிஞ்சும்.

சர்வர் அறைக்கு வருவோம். ஒவ்வொரு நல்ல சர்வரின் தாய்ப்பலகையிலும் பி.எம்.சி. என்ற குட்டிக் கணினி ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. டெல் இதை ஐடிராக் என்ற பெயரில் விற்கிறது, ஹெச்.பி.இ. ஐலோ என்கிறது. சர்வரை அணைத்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். 1998இல் இன்டெல், டெல், ஹெச்.பி., என்.இ.சி. நான்கும் சேர்ந்து கொண்டுவந்த ஐ.பி.எம்.ஐ. விதிமுறைப்படி சென்சார்களைப் படித்து, எல்லை மீறியதை எஸ்.இ.எல். என்ற நிகழ்வேட்டில் எழுதி வைக்கும். ஐ.பி.எம்.ஐ. டூல் என்ற கருவியால் சென்சார்ப் பட்டியலைக் கேட்டால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு நிலை வரும். நன்றாக இருந்தால் 'ஓகே'. வரம்பைத் தாண்டியிருந்தால், தாண்டிய அளவுக்கேற்ப 'என்.சி.', 'சி.ஆர்.', 'என்.ஆர்.'. இவற்றோடு 'நோ ரீடிங்' என்ற சொல்லும் பக்கத்தில் 'என்.எஸ்.' என்ற இரண்டெழுத்தும் சில வரிகளில் நிற்கும். அளவே கிடைக்கவில்லை என்பது இதன் பொருள். இந்த வரியை எழுதியவர் குமாரிலரைப் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அவருடைய நிபந்தனையைக் கடைப்பிடித்திருக்கிறார். வெப்பம் சரி என்பதும் வெப்பம் தெரியவில்லை என்பதும் வெவ்வேறு என்று அந்தத் திரை ஒப்புக்கொள்கிறது.

கெடுவது அதற்கடுத்த படியில்தான். இந்த அளவுகளைத் திரட்டும் பிராமிதியஸ் போன்ற மென்பொருளில், வெப்பம் 80 டிகிரியைத் தாண்டினால் எச்சரி என்று ஒரு விதி எழுதுகிறோம். அளவை அனுப்பும் நிரல் செத்துப்போனால் வெப்பம் என்ற எண்ணே வராது. எண் இல்லாதபோது 80ஐத் தாண்டிய எண்ணும் இல்லை, விதி வெறுமையைத் திருப்பித் தருகிறது, எச்சரிக்கை எழாது. இயந்திரம் குளுமையாக ஓடினாலும், கண்காணிப்பு செத்துக் கிடந்தாலும் நமக்குக் கிடைப்பது ஒரே அமைதி. 'நோ ரீடிங்' என்று கீழே ஒருவர் யோக்கியமாக எழுதியதை மேலே வரும் வழியில் யாரோ துடைத்துவிடுகிறார்கள். நிகழ்வேட்டிலும் இதே கதை. ஒவ்வொரு பதிவும் 16 பைட். ஏட்டின் கொள்ளளவு சிறியது. நிரம்பினால் பழையதை அழித்துப் புதியதை எழுதாமல், புதியதைக் கைவிடும் சர்வர்கள் நிறைய உண்டு. ஆண்டுக்கணக்கில் யாரும் காலி செய்யாத ஏட்டில் கடைசிப் பதிவு எப்போதோ ஒரு மின்வெட்டைப் பற்றி இருக்கும். அதன் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று அதைப் படிப்பவர் நினைத்துக்கொள்ளலாம். ரேமும் அப்படியே. ஈ.சி.சி. வகை ரேம் ஒரு பிட் பிழையைத் திருத்தி, பிழை நேர்ந்தது என்று சொல்லவும் செய்யும். இரண்டு பிட் பிழையானால் திருத்த முடியாவிட்டாலும் கண்டுபிடிக்கும். சாதாரண ரேமுக்கு அந்தக் கண் கிடையாது. ஆகவே சாதாரண ரேம் போட்ட கணினி நினைவகப் பிழையைப் பற்றி ஒரு நாளும் புகார் செய்யாது. புகாரை எண்ணிப் பார்த்து வாங்குபவருக்கு மலிவான பொருளே உத்தமமாகத் தெரியும்.

பேச்சுக்கும் பேசாமைக்கும் எவ்வளவு தூரம் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2007இல் கூகுளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு எவ்வளவு நம்பத்தக்கது என்பது அவர்கள் கேள்விகளில் ஒன்று. முதல் ஸ்கேன் பிழையைச் சொன்ன டிஸ்க்குக்கு, அப்படிச் சொல்லாததைவிட 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. டிஸ்க் வாய் திறந்தால் அதை நம்ப வேண்டும் என்று இதற்கு அர்த்தம். ஆனால் செத்த டிஸ்க்குகளை எடுத்துப் பின்னோக்கிப் பார்த்தபோது, அவற்றில் 56 சதவீதத்துக்கு மேல் வலுவான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருந்தன. ஒரே கருவி, அது பேசினால் கிட்டத்தட்ட ஆப்த வாக்கியம், பேசாவிட்டால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. இரண்டையும் ஒரே பச்சை, சிவப்பு விளக்கில் காட்டுவதால் இரண்டுக்கும் சம எடை என்ற மயக்கம் நமக்கு வருகிறது. இதையும் மிஞ்சியது 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்டது. ஒரு செயலியின் ஒரே ஒரு கோர், 1.1ஐ 53ஆம் அடுக்குக்கு உயர்த்தி முழு எண்ணைக் கேட்டால் 156 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 0 என்றது. மற்ற கணக்குகள் பலவற்றைச் சரியாகவே போட்டது. எந்தச் சென்சாரும் முனகவில்லை, ஏட்டில் ஒரு வரி இல்லை. கோப்புகள் மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. தர்மகீர்த்தியின் பிசாசு இதுதான்.

இப்படியெல்லாம் சந்தேகப்பட்டால் வேலை நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. எதிரே காரசாரமாக நிற்பவரும் குமாரிலரே. அறிவு தன்னளவிலேயே செல்லும், அதற்கு வேறு சான்றிதழ் தேட வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. பார்த்த ஒவ்வொன்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் நம்புவேன் என்றால் சரிபார்த்ததையும் சரிபார்க்க வேண்டும். அது முடிவில்லாமல் ஓடும். ஆகவே டாஷ்போர்டு பச்சை என்றால் பச்சை என்று கொள்வதில் தவறில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் அந்த நம்பிக்கைக்கு இரண்டு கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார். முன் அறிவை மறுக்கும் வேறொரு அறிவு வந்தால் அது விழும். அறிந்த கருவியில் பழுது இருப்பது தெரியவந்தாலும் விழும். ஒஹாயோவில் அன்று இரண்டும் நடந்தன. ஏ.இ.பி.யின் தொலைபேசி முதலாவது. சர்வர் விழுந்ததாகக் கணினிப் பிரிவுக்குப் போன செய்தி இரண்டாவது. ஒன்று கட்டுப்பாட்டு அறையிடம் இருந்தது, மற்றது கணினிப் பிரிவிடம். இரண்டும் ஒரே மண்டைக்குள் சந்திக்கவில்லை. இந்த மின்தடையை ஆராய்ந்த அமெரிக்க-கனடா கூட்டு விசாரணைக் குழுவின் 2004 அறிக்கையைப் படிக்கும்போது என்னை உறுத்துவது மென்பொருள் பிழையைவிட இதுதான். பார்த்தவர் ஒருவர் வாய்திறந்து சொன்ன உரையை, அலாரம் வரவில்லை என்ற காணாமை தோற்கடித்தது. எந்த அளவை நூலும் இதை அனுமதிக்காது.

அடுத்த தடை கொஞ்சம் கடினம். கண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு கண் வைக்கலாம், அதைப் பார்க்க யார் என்று கேட்பார்கள். நியாய மரபை நோக்கி மீமாம்சகர் வீசிய, முடிவின்மை என்ற அனவஸ்தைக் குற்றச்சாட்டு இதுதான். கண்காணிப்பாளர்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள். பிராமிதியஸைக் குபர்நெட்டிஸில் நிறுவும் பலருடைய அமைப்பில் 'வாட்ச்டாக்' என்று ஓர் எச்சரிக்கை இருக்கும். அது எப்போதும் எழுந்துகொண்டே இருக்கும். அது எழுவது எந்தப் பழுதையும் குறிக்காது. வெளியே, அந்த அமைப்பைச் சாராத வேறோர் இடத்தில், அது வருகிறதா என்று பார்க்க ஏற்பாடு இருக்கும். வருவது நின்றால் அங்கிருந்து ஆளைக் கூப்பிடுவார்கள். அமைதியை நலம் என்று வாசித்ததைத் தலைகீழாக்கி, ஓசையை நலம் என்றும் அமைதியைப் பழுது என்றும் மாற்றிவிட்டார்கள். காணாமையை நம்ப வேண்டிய இடம் இதனால் சுருங்குகிறது, ஆனால் ஒழியவில்லை. வெளியே இருக்கும் அந்த ஏற்பாடும் சாகலாம். இங்கே எனக்கு நியாய மரபினரின் பதில்தான் திருப்தி தருகிறது. தண்ணீரைப் பார்த்தது மெய்தானா என்பதைக் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள் என்பார்கள். இரண்டு மின்வழங்கி உள்ள சர்வரில் ஒன்றின் வயரைப் பிடுங்கு. ஏட்டில் மின்சாரம் போனதாக வரி விழுகிறதா, கைபேசி அடிக்கிறதா என்று பார். அடித்தால், இன்று, இந்தப் பழுதுக்கு, இந்த வழி திறந்திருக்கிறது. மின்விசிறிக்கு அது சாட்சி அல்ல. அடுத்த மாதத்துக்கும் அல்ல. முடிவில்லாத சங்கிலியை இன்னும் உயர்ந்த ஒரு கண்ணால் அறுக்க முடியாது. யாரோ ஒருவர் எழுந்து போய்ச் செய்து பார்ப்பதால்தான் அது அறுகிறது.

நடைமுறையில் உழல்பவர்களுக்கு வேறொரு புகார் உண்டு, அதில் கசப்பும் உண்டு. அமைதி நம்பத்தக்கதல்ல என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்சரிக்கை வைத்தார்கள். இப்போது இரவு முழுக்கக் கைபேசி அடிக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. உண்மை. 1979இல் த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலைய விபத்தின்போது நூற்றுக்கு மேல் அலாரங்கள் ஒன்றாக எழுந்தன. ஆபரேட்டர்களுக்கு அவை உதவவில்லை, மறைத்தன. (அதே விபத்தில் ஒரு விளக்கு அணைந்திருந்ததை வைத்து வால்வு மூடியிருக்கிறது என்று எண்ணினார்கள், விளக்கோ, வால்வை மூடும் ஆணை போனதைத்தான் காட்டியது, வால்வு மூடியதை அல்ல.) ஆனால் இந்தப் புகார் என் வாதத்துக்குப் பகை அல்ல, அதன் தொடர்ச்சி. காண்பதற்கான நிபந்தனைகளில் மனமும் ஒன்று என்று மேலே சொன்னேன். நியாய சூத்திரம் மனம் அணு அளவானது என்கிறது. ஆகவே ஒரே சமயத்தில் இரண்டு அறிவு எழாது. கண் திறந்திருந்தும் மனம் அங்கே இல்லாவிட்டால் கண்டதாகாது. நானூறு எச்சரிக்கையில் ஒன்றைத் தவறவிட்டவருக்கு அது வந்து சேரவே இல்லை என்பதே சரி. எனவே வெற்று எச்சரிக்கைகளைக் களைவதும் கண்ணைச் சரிசெய்யும் வேலைதான், சோம்பலுக்குச் சலுகை அல்ல. களைவதிலும் முறை உண்டு. பிராமிதியஸின் எச்சரிக்கைகளைக் கையாளும் அலர்ட்மேனேஜரில் ஓர் எச்சரிக்கையை வாயடைக்க வேண்டுமானால் யார் அடைக்கிறார், எதற்கு, எதுவரை என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். பெயரும் காரணமும் கெடுவும் உள்ள அமைதியோடு எனக்குச் சண்டை இல்லை.

இந்தத் தர்க்கத்தை அளவை நூலார் குடத்துக்காக மட்டும் தீட்டவில்லை. பத்தாம் நூற்றாண்டில் உதயணர் எழுதிய நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில், கடவுள் காணப்படவில்லை, ஆகவே இல்லை என்ற வாதம் எதிரே வந்து நிற்கிறது. உதயணர் அதே நிபந்தனையைக் கையில் எடுக்கிறார். காணத் தகுந்தது காணப்படாவிட்டால்தான் இல்லை. இறைவன் காட்சிக்குத் தகுந்த பொருளே அல்ல, பிறகு அவனைக் காணாமை எதை நிறுவும்? அப்படியானால் முயல்கொம்பும் இருக்கலாமே என்று எதிராளி மடக்குகிறார். கொம்பு என்பது காணத் தகுந்த பொருள், முயல் தலையில் அது இருந்தால் தெரிந்திருக்கும், அதனால் அது இல்லை என்று உதயணர் கோடு போடுகிறார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இந்தக் கோட்டுக்கு விலை உண்டு. காணத் தகாதது என்று விலக்கப்பட்ட பொருளைக் காணாமை பொய்யாக்காது, மெய்யாக்கவும் செய்யாது. உதயணருக்கு இது தெரியும். அதனால்தான் இந்தத் தற்காப்போடு நிற்காமல், உலகம் ஒரு காரியம், காரியத்துக்குக் கர்த்தா வேண்டும் என்பது போன்ற வேறு காரணங்களை ஐந்தாம் பகுதியில் அடுக்குகிறார். அவற்றை ஏற்பதும் மறுப்பதும் தனி வழக்கு.

இந்தக் கண்டிப்பு இரு பக்கத்துக்கும் பொருந்தும் என்பதைத்தான் நாம் வசதியாக மறக்கிறோம். காணவில்லை, ஆகவே இல்லை என்று சொல்லும் நாத்திகரை உதயணரைக் காட்டி மடக்குபவர், ஒரு விபத்தும் நேரவில்லை, அவன்தான் காத்தான் என்று மறுநாள் சொல்லும்போது அதே குற்றத்தைச் செய்கிறார்; தீங்கு வராமையை ஒரு பாதுகாவலின் சான்றாக எடுத்துக்கொள்கிறார். மூன்று வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை, எங்கள் கண்காணிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கூட்டத்தில் சொல்லும் மேலாளரும் இந்த வரிசையில்தான் நிற்கிறார். ஃபேஸ்புக் பொறியாளர்கள் அந்தப் பிசாசுக் கோருக்குப் பிறகு சென்சார்கள் பேசும் என்று காத்திருக்கவில்லை. விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளை இயந்திரங்களுக்குக் கொடுத்துப் போடச் சொன்னார்கள். பராமரிப்புக்காக வேலையிலிருந்து எடுத்தபோதும் கொடுத்தார்கள், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கு நடுவிலும் கொடுத்தார்கள். அங்கே காணாமைக்கு இடமில்லை. கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு கோரும் ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் சரியாகவோ தவறாகவோ இருந்தாக வேண்டும். நாம் கேட்காத கணக்கில் அது தவறுமா என்பதைப் பற்றி அந்தச் சோதனையும் ஒன்றும் சொல்லாது.